ஆத்திரத்துக்கு அளித்த சலுகை: மனைவியைக் கொன்ற கணவனைச் சட்டம் எடைபோட்ட வரலாறு

மனைவியைக் கொன்ற கணவன் நீதிமன்றத்தில் நிறுத்தப்படும்போது, அவன் கையால் அந்த மரணம் நேர்ந்தது என்பது பெரும்பாலும் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்திருக்கும். எத்தகைய மனநிலையில் அவன் அதைச் செய்தான் என்னும் கேள்வியே வழக்கின் போக்கைத் தீர்மானிப்பதாக இருந்துவந்திருக்கிறது. கொல்லப்பட்டவர் தந்த கடுமையான, திடீரென எழுந்த ஆத்திரமூட்டலால் ஒருவர் தன்னடக்கத்தை இழந்து, அந்த நிலை நீங்குவதற்கு முன்பே உயிரைப் பறித்துவிட்டால், அவருடைய செயல் கொலை என்னும் வகையிலிருந்து விலகிக் ‘கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம்’ என்னும் குறைந்த வகைக்குள் சென்றுவிடும் என்று இந்தியச் சட்டம் சொல்கிறது. இந்த வேறுபாடு தண்டனையில் பெரிதாக வெளிப்படும். கொலைக்கு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கட்டாயம். குறைந்த வகைக்கு ஆயுள் தண்டனை விதிக்க இடமிருந்தாலும், பத்து ஆண்டுகளுக்கு மிகாத சிறையோடு நீதிபதி நிறுத்திக்கொள்ளலாம்.

எழுத்தளவில் இந்த விலக்கு ஆண், பெண் என்று பிரித்துப் பேசுவதில்லை. ஆனால் அது உருவான வரலாற்றைப் பின்தொடர்ந்து சென்றால், கணவனின் மானத்தையும் மனைவிமீது அவனுக்கு இருந்ததாகக் கருதப்பட்ட உரிமையையும் அடித்தளமாகக் கொண்டே அது கட்டப்பட்டது என்பது தெளிவாகிறது. கொலை நிகழ்ந்த அந்தச் சில நிமிடங்களில் ஆணின் உள்ளம் பட்ட பாட்டை நுணுகி ஆராயக் கற்றுக்கொண்ட சட்டம், அந்த நிமிடங்களுக்கு முன்னால் பல ஆண்டுகளாகப் பெண் பட்ட பாட்டைக் கேட்கக் கற்றுக்கொள்வதற்கு மிக நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்கீட்டின்படி 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 51,100 பெண்களும் சிறுமியரும் கணவன், துணைவன் அல்லது குடும்பத்தினர் கையால் கொல்லப்பட்டனர். நாளொன்றுக்கு 140 பேர் என்னும் அளவுக்கு இத்தகைய மரணங்கள் நேர்கின்ற உலகில், இந்தச் சட்ட விலக்கின் வரலாறு பழங்கதையாக முடிந்துவிடவில்லை.

உடைமையும் விசுவாசமும்

இந்திய நீதிமன்றங்கள் இன்று பின்பற்றும் விதியின் வேர்கள் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் இருக்கின்றன. அந்நாட்டில் 1351-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ராஜதுரோகச் சட்டம், அரசனுக்கு எதிரான குற்றங்களோடு சேர்த்துச் ‘சிறு துரோகம்’ என்னும் ஒரு வகையையும் வரையறுத்தது. எசமானனைக் கொன்ற வேலைக்காரனும், தன் மேலாளரைக் கொன்ற பாதிரியும், கணவனைக் கொன்ற மனைவியும் அதில் அடங்குவர். கணவன் மனைவிக்குத் தலைவன் என்பதால் அவனைக் கொல்வது ஆட்சிக்கு எதிராகக் கலகம் செய்வதற்கு ஒப்பானது என்பது அதன் கருத்து. அக்குற்றத்துக்காகப் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட தண்டனை எரித்துக் கொல்லுதல். 1726-இல் லண்டனின் டைபர்ன் கொலைக்களத்தில் கேத்தரின் ஹேஸ் என்பவர் இக்குற்றத்துக்காகவே எரிக்கப்பட்டார். 1790 வரை எரிக்கும் தண்டனையும், 1828 வரை சிறு துரோகம் என்னும் குற்றமும் சட்டநூலில் நீடித்தன. மனைவியைக் கொன்ற கணவனோ எப்போதும் சாதாரணக் கொலைக் குற்றவாளியாகவே கருதப்பட்டான். அவன் எந்த விசுவாசத்தையும் மீறியதாகச் சட்டம் எண்ணவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வின் மறுபக்கமாகவே ஆத்திரமூட்டல் என்னும் சலுகை வளர்ந்தது. 1671-ஆம் ஆண்டு வழக்கொன்றில், தன் மனைவியோடு வேற்று ஆடவன் கூடியிருப்பதைக் கண்ட கணவன் அவனை அங்கேயே கொன்றுவிட்டான். கொலையைவிடக் குறைந்த குற்றத்துக்கு அக்காலத்தில் கையில் சூடு போடுவது வழக்கம். இதைவிடப் பெரிய ஆத்திரமூட்டல் இருக்க முடியாது என்பதால் இவனுக்கு மெதுவாகச் சூடு போடும்படி நீதிமன்றம் பணித்தது. 1707-இல் மாக்ரிட்ஜ் என்பவரின் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட், ஒருவனின் சினத்தைச் சட்டம் பொறுத்துக்கொள்ளக்கூடிய சூழல்களை நான்காக வகுத்தார். இழிவான முறையில் தாக்கப்படுதல், நண்பன் தாக்கப்படுவதைக் காணுதல், ஆங்கிலேயக் குடிமகன் ஒருவனின் விடுதலை சட்டவிரோதமாகப் பறிக்கப்படுவதைக் காணுதல், மனைவியோடு வேற்று ஆடவனைக் கையும் களவுமாகப் பிடித்தல் என்பவை அவை. இறுதியாகச் சொன்னதற்கு அவர் காட்டிய காரணம், ஓர் ஆணின் உடைமைமீது நிகழக்கூடிய அத்துமீறல்களில் இதுவே மிக உயர்ந்தது என்பதாகும். தொடக்கத்தில் கள்ளத் துணைவனைக் கொன்ற கணவனுக்கு உரியதாக இருந்த இச்சலுகை, காலப்போக்கில் மனைவியையே கொன்ற கணவனுக்கும் விரிவாக்கப்பட்டது. உடைமை என்னும் கருத்திலிருந்து பிறந்த விதி, அந்த உடைமையாகக் கருதப்பட்டவளின் உயிரையே எடுத்தவனுக்குத் துணை நின்றது.

இத்தகைய சலுகை இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. 1810-இல் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் 324-ஆம் பிரிவு, தன் வீட்டிலேயே மனைவியையும் அவள் துணைவனையும் பிடித்துக் கொன்ற கணவனின் செயலை மன்னிக்கத்தக்கது என்று அறிவித்தது. அது 1975-இல்தான் நீக்கப்பட்டது. மானத்தைக் காக்கச் செய்த கொலைக்கு இத்தாலி அளித்துவந்த தண்டனைக் குறைப்பு 1981 வரை நீடித்தது. பிரேசில் நாட்டில் ‘மானத்தைக் காக்கும் தற்காப்பு’ என்னும் வாதத்தை வழக்கறிஞர்கள் முன்வைப்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முழுமையாகத் தடைசெய்தது 2023-ஆம் ஆண்டில்தான்.

அடிக்கும் உரிமையும் அதை எதிர்த்த எழுத்தும்

மனைவி கொல்லப்படும் நிகழ்வுக்கும் அதற்கு முன் அவள் அன்றாடம் அடிபடும் நிலைக்கும் உள்ள தொடர்பைச் சட்டத்தின் முன் வைத்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெண்ணுரிமையாளர்கள் ஆவர். திருமணத்தோடு மனைவியின் சட்ட ஆளுமை கணவனின் ஆளுமைக்குள் கரைந்துவிடுகிறது என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கோட்பாடு. அதை விளக்கிய வில்லியம் பிளாக்ஸ்டன், 1765 முதல் வெளிவந்த தம் உரைநூலில், மனைவியை மிதமாகத் தண்டித்துத் திருத்தும் அதிகாரம் கணவனுக்குப் பழஞ்சட்டத்தில் இருந்ததென்றும், பிற்காலத்தில் அது ஐயத்துக்குள்ளானதென்றும், எளிய மக்கள் இன்னும் அந்த உரிமையைக் கோருகின்றனர் என்றும் எழுதினார். 1853-இல் பெண்களையும் குழந்தைகளையும் கொடுமையாகத் தாக்குவோருக்கு ஆறு மாதச் சிறையோ 20 பவுன் அபராதமோ விதிக்க ஒரு சட்டம் வந்தது. ஆனால் சிறையிலிருந்து வெளிவந்த கணவன் அதே வீட்டுக்கே திரும்பினான். மனைவிக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை.

இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டியவர் பிரான்சஸ் பவர் கோப் என்னும் அயர்லாந்து எழுத்தாளர். 1878-இல் ஓர் ஆங்கில இதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரை, மனைவிமார் அனுபவிப்பதை அடி என்று சொல்வது பொருந்தாது, அது சித்திரவதை என்றே அழைக்கப்பட வேண்டும் என்று வாதிட்டது. செய்தித்தாள்களில் வந்த வழக்குகளை வரிசைப்படுத்திக் காட்டிய அவர், அறையில் தொடங்கும் வன்முறை உதையாகவும் மிதியாகவும் வளர்ந்து இறுதியில் உயிரைக் குடிக்கிறது என்பதையும், மனைவி தன் உடைமை என்னும் எண்ணமே அதற்கு வேர் என்பதையும் விளக்கினார். அவருடைய முயற்சியின் பயனாக அதே ஆண்டில் வந்த மண வழக்குகள் சட்டம், கொடுமையாகத் தாக்கியதற்காகக் கணவன் தண்டிக்கப்பட்டு, மனைவியின் எதிர்காலப் பாதுகாப்பு ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால், பிரிந்து வாழும் ஆணையையும் பராமரிப்புத் தொகையையும் வழங்கக் குற்றவியல் நடுவர்களுக்கு அதிகாரம் தந்தது. நடந்த தாக்குதலுக்குத் தண்டனை வழங்குவதோடு நில்லாமல், நடக்கக்கூடிய மரணத்தைத் தடுப்பதும் சட்டத்தின் வேலை என்னும் கருத்து அதில் முதன்முறையாகத் தெளிவான வடிவம் பெற்றது.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் புகுந்த விதம்

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-இல் இந்தியாவுக்கென ஒரு தண்டனைச் சட்ட வரைவை உருவாக்கியபோது, ஆத்திரமூட்டல் என்னும் விலக்கை ஆங்கிலச் சட்டத்தைவிட அகலமாக அமைத்தது. உடலில் படும் அடியைப் போலவே சொல்லாலும் சைகையாலும் நேரும் இழிவும் மனிதரின் சினத்தைத் தூண்டவல்லது என்பது ஆணையத்தின் கருத்து. ஆகவே கண்ணால் கண்டது, காதால் கேட்டது என்னும் பாகுபாடு இந்தியாவில் முக்கியத்துவம் இழந்தது. 1860 அக்டோபர் 6-ஆம் நாள் நிறைவேற்றப்பட்டு 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவில் முதல் விதிவிலக்காக இது இடம்பெற்றது. எது கடுமையான, திடீரான ஆத்திரமூட்டல் என்பதை ஒவ்வொரு வழக்கின் பொருண்மைகளைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும் என்று சட்டம் விட்டுவிட்டதால், நீதிபதிகளின் சமூகப் பார்வை அதில் நுழைவதற்கு இடம் ஏற்பட்டது. 1883-இல் இலங்கையில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 294-ஆம் பிரிவிலும், மலாயாவின் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டத்திலும் இதே விதிவிலக்கு இடம்பெற்றமையால், தமிழர் வாழ்ந்த மூன்று நிலப்பகுதிகளும் ஒரே அளவுகோலுக்குள் வந்தன.

பிறன்மனை புணர்தலைக் குற்றமாக்குவது குறித்து அதே ஆணையம் எடுத்த நிலை இங்கு நினைவுகூரத்தக்கது. இந்தியப் பெண்கள் சிறுவயதிலேயே மணம் செய்விக்கப்பட்டு, இளமையிலேயே புறக்கணிக்கப்பட்டு, கணவனின் அன்பைப் பல மனைவியரோடு பகிர்ந்துகொள்ள நேர்வதால், ஏற்கெனவே அவர்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கும் தராசில் மேலும் பாரம் ஏற்ற விரும்பவில்லை என்று கருதி, மெக்காலே அதைத் தம் வரைவில் சேர்க்கவில்லை. பின்வந்த ஆணையம் 497-ஆம் பிரிவாக அதைச் சேர்த்தது. மனைவியைத் தண்டிக்காமல் விட்ட அப்பிரிவு, கணவனின் இசைவு இல்லாமல் அவளோடு கூடிய ஆடவனை மட்டும் குற்றவாளியாக்கியதால், பாதிக்கப்பட்டவன் கணவனே என்னும் கருத்தை மேலும் உறுதிப்படுத்தியது. 2018 செப்டம்பர் 27-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாததாக்கும்வரை அக்கருத்துக்குச் சட்டத்தின் ஆதரவு நீடித்தது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் இவ்விலக்கின் போக்கைத் தெளிவாகக் காணலாம். 1881-ஆம் ஆண்டு வழக்கொன்றில், தன் மனைவி தன் பகைவனோடு கூடியிருந்ததைப் பார்த்த கூலித் தொழிலாளி ஒருவர், இரவு முழுவதும் உண்ணாமல் இருந்து, மறுநாள் காலையில் கூலி வாங்கச் சென்றபோது, அவ்விருவரும் சேர்ந்து உணவருந்துவதைக் கண்டு, அந்த ஆடவனை அரிவாளால் வெட்டிக் கொன்றார். முதல் நாள் கண்டதும் மறுநாள் கண்டதும் ஒன்றோடொன்று இணைந்தே அவரைத் தன்னடக்கம் இழக்கச் செய்தன என்று கூறி நீதிபதிகள் விலக்கை அளித்தனர். ஓர் இரவு கடந்திருந்தும், முன்னர் நடந்தவை உள்ளத்தில் உண்டாக்கிய பின்னணியைச் சட்டம் கணக்கில் கொள்ளலாம் என்பது அதனால் நிலைபெற்றது. 1957-ஆம் ஆண்டு வழக்கில், வேற்று ஆடவனோடு தொடர்பு வைத்திருந்த மனைவி, அதைத் தொடரப்போவதாகக் கணவனின் முகத்துக்கு நேரே சொல்லி, கண்டித்த அவனை ஏசவும் செய்தாள் என்பதால், அவளைக் கொன்ற கணவனுக்கு அதே நீதிமன்றம் இவ்விலக்கை வழங்கியது. அடுத்த ஆண்டு ஆந்திர உயர் நீதிமன்றம், தான் வேறொருவனால் கருவுற்றிருப்பதை ஒப்புக்கொண்ட இளம் மனைவியைக் கழுத்தை நெரித்துக் கொன்ற கணவனின் வழக்கிலும் அதே வழியில் சென்றது. இந்த இரண்டு வழக்குகளிலும் கொல்லப்பட்டவர்களின் பேச்சு குற்றத்தைக் குறைக்கும் காரணமாக அமைந்தது.

1961 நவம்பர் 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கடற்படை அதிகாரி கே. எம். நானாவதியின் வழக்கில் அளித்த தீர்ப்பு இந்த முடிவுகளையெல்லாம் தொகுத்து விதிகளாக்கியது. அவர் 1959 ஏப்ரல் 27-ஆம் நாள் பம்பாயில் சுட்டுக் கொன்றது தம் மனைவியின் காதலரை. ஆனால் அத்தீர்ப்பு வகுத்த அளவுகோல் மனைவி கொலை வழக்குகளையும் ஆளத் தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்டவரின் அதே சமூக வகுப்பைச் சேர்ந்த நியாயமான மனிதன் அந்தச் சூழலில் தன்னடக்கம் இழந்திருப்பானா என்பது முதல் கேள்வி. சொல்லும் சைகையும்கூட ஆத்திரமூட்டலாகலாம். முந்தைய செயல்கள் உண்டாக்கிய மனநிலையையும் பார்க்கலாம். ஆனால் காலம் கடந்து சினம் தணிந்து, ஆலோசித்துச் செய்வதற்கு இடம் ஏற்பட்டபின் விழுந்த அடிக்கு விலக்கு இல்லை. நானாவதி வீட்டை விட்டுப் புறப்பட்டதற்கும் சுட்டதற்கும் இடையே ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழிந்திருந்ததால் அவருக்கு விலக்கு மறுக்கப்பட்டு, ஆயுள் தண்டனை உறுதிசெய்யப்பட்டது. ‘நியாயமான மனிதன்’ என்னும் அளவுகோலில் அமர்ந்திருந்தவன் கணவன். அவன் கையில் இறக்கக்கூடிய பெண் எதை நியாயமாக அஞ்சுவாள் என்னும் கேள்வி அத்தகைய வழக்குகளில் எழவே இல்லை.

நல்லதங்காளின் பெயரால் பிறந்த கோட்பாடு

திடீர்த்தன்மை என்னும் நிபந்தனை யாருக்கு ஏற்றதாக இருந்தது, யாரைக் கைவிட்டது என்பதை ஆண்டுக்கணக்கில் அடிபட்டு இறுதியில் எதிர்வினை புரிந்த பெண்களின் வழக்குகளே வெளிக்கொணர்ந்தன. உடல் வலிமையில் மிஞ்சிய கணவன் அடிக்கும் அந்த நேரத்திலேயே மனைவி எதிர்த்து நிற்பது அரிது. அவன் உறங்கும்போதோ, தளர்ந்திருக்கும்போதோதான் அவளால் எதையும் செய்ய முடிகிறது. இங்கிலாந்தில் ஆத்திரமூட்டலைத் ‘திடீரென, தற்காலிகமாகத் தன்னடக்கம் இழத்தல்’ என்று வரையறுத்த 1949-ஆம் ஆண்டு நெறியுரையே கணவனிடம் கொடுமை அனுபவித்த ஒரு பெண்ணின் வழக்கில் தரப்பட்டது. நீண்ட காலக் கொடுமை பழிவாங்கும் எண்ணத்தைத்தான் காட்டுகிறது, ஆத்திரமூட்டலைக் காட்டாது என்று அங்கு கூறப்பட்டு, அவர் கொலைக் குற்றவாளி என்றே தீர்க்கப்பட்டார்.

இந்த அநீதியைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர் பஞ்சாபிலிருந்து மணமாகி இங்கிலாந்து சென்ற கிரண்ஜீத் அலுவாலியா. பத்து ஆண்டுகள் கணவனின் வன்முறையை அனுபவித்த அவர், 1989-இல் உறங்கிக்கொண்டிருந்த கணவன்மீது தீ வைத்தார், கணவன் இறந்தான், அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1979-இல் லண்டனில் தொடங்கப்பட்ட சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்னும் பெண்கள் அமைப்பு நடத்திய இயக்கத்தின் விளைவாக, 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை நீக்கி மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. மனநிலைக் குறைவின் அடிப்படையில் குறைந்த குற்றம் ஏற்கப்பட்டு, அவர் விடுதலையானார். செயலுக்கும் ஆத்திரமூட்டலுக்கும் இடையே காலம் கழிந்திருப்பது மட்டுமே வாதத்தை முற்றாகத் தள்ளிவிடாது என்று அத்தீர்ப்பு ஒப்புக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், கொடுமைக்காரக் கணவனைக் கொன்ற வேறொரு பெண்ணின் மேல்முறையீடு தள்ளுபடியான சில நாட்களுக்குள், மனைவியைப் போல உடன்வாழ்ந்த பெண்ணை உதைத்துக் கொன்ற ஒருவன் இரண்டு ஆண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வீட்டுக்குச் சென்றிருந்தான். இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பொதுமக்களிடையே எழுந்த கொந்தளிப்பு சட்டத் திருத்தத்துக்கு வழி அமைத்தது. 2009-இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம் ஆத்திரமூட்டல் என்னும் பழைய வாதத்தையே நீக்கியது. தன்னடக்கம் இழத்தல் திடீரென நிகழ வேண்டியதில்லை என்றும், கொடிய வன்முறைக்கு அஞ்சுவதும் அதற்குக் காரணமாகலாம் என்றும், துணையின் பாலியல் துரோகத்தைத் தனிக் காரணமாகக் கொள்ளக்கூடாது என்றும் அது விதித்தது.

இதே மாற்றத்தின் தொடக்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் சற்று முன்னதாகவே, தமிழ் மக்களின் நினைவிலிருந்து எடுத்த பெயரோடு நிகழ்ந்திருந்தது. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டை நாடிச் சென்று, அண்ணியின் அவமதிப்பைத் தாங்க மாட்டாமல், பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்துவிட்டுத் தானும் குதித்த நல்லதங்காளின் கதை கதைப்பாடலாகவும் கூத்தாகவும் தமிழ்நாட்டு ஊர்களில் வழங்கி வருவது. கணவனின் தொடர்ந்த கொடுமையால் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, பிள்ளைகள் இறந்துபோகத் தான் மட்டும் பிழைத்துக்கொண்ட பெண்கள் கொலைக் குற்றவாளிகளாகக் கூண்டில் நிறுத்தப்படுவது தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் மீண்டும் மீண்டும் நேர்ந்துவந்தது. அத்தகைய வழக்கொன்றில் 1989-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், இந்த நிலையை ‘நல்லதங்காள் நோய்க்குறி’ என்று பெயரிட்டு, சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் திடீர் ஆத்திரமூட்டலைப் போலவே ‘தொடர்ந்து நீடிக்கும் ஆத்திரமூட்டல்’ என்பதையும் ஒரு விலக்காகக் கருத வேண்டும் என்று கூறியது. பிற்கால வழக்குகளிலும் அந்நீதிமன்றம் இக்கோட்பாட்டைப் பின்பற்றியது. 1881-இல் ஓர் இரவின் பின்னணியைக் கணவனுக்காகக் கணக்கில் கொண்ட அதே நீதிமன்றம், ஒரு நூற்றாண்டுக்குப் பின் பல ஆண்டுகளின் பின்னணியை மனைவிக்காகக் கணக்கில் கொள்ள முன்வந்தது.

மரணத்துக்கு முந்தைய ஆண்டுகளைப் பார்த்த சட்டம்

கொன்றவரின் மனநிலையிலிருந்து கொல்லப்பட்டவரின் வாழ்க்கைக்குப் பார்வையைத் திருப்பிய பெரிய மாற்றம், வரதட்சணை மரணங்களுக்கு எதிரான போராட்டத்தால் வந்தது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டம் ஏட்டளவில் இருந்தபோதும், ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்னும் செய்திகள் தொடர்ந்து வந்தன. காவல் நிலையக் குறிப்பேடுகளில் அவை விபத்தாகவோ தற்கொலையாகவோ முடிந்தன. 1979 முதல் டெல்லியில் பெண்கள் அமைப்புகள் இறந்தவர்களின் புகுந்த வீட்டு வாசல்களிலேயே ஊர்வலம் நடத்தின. அந்த ஆண்டில் மகளைத் தீக்குப் பறிகொடுத்த சத்யராணி சட்டா என்னும் தாய் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்று, பிற பெண்களுக்காகவும் பல்லாண்டு நீதிமன்றம் ஏறினார்.

அதன் பயனாக 1983-இல் கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமை 498-ஏ என்னும் தனிக் குற்றமாக்கப்பட்டது. மணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் ஐயத்துக்குரிய வகையில் இறந்தால் பிணக்கூறாய்வும் விசாரணையும் நடத்தப்பட வேண்டும் என்னும் விதியும் அப்போது வந்தது, தமிழ்நாட்டில் ‘ஆர்.டி.ஓ. விசாரணை’ என்று மக்கள் அறிந்திருக்கும் கோட்டாட்சியர் விசாரணை அவ்விதியோடு தொடர்புடையது. 1986-இல் சேர்க்கப்பட்ட 304-பி பிரிவு, அந்த ஏழு ஆண்டுகளுக்குள் இயற்கைக்கு மாறாக இறந்த பெண், இறப்பதற்குச் சற்று முன்பு வரதட்சணைக்காகக் கொடுமைப்படுத்தப்பட்டிருந்தால், அம்மரணத்துக்குக் கணவனும் உறவினருமே காரணம் என்று அனுமானிக்கும்படி நீதிமன்றத்தைப் பணித்தது. மரணம் என்பது நீண்ட கொடுமையின் இறுதிக் கட்டம் என்னும் உண்மையை இந்தியச் சட்டம் விதியாக ஏற்றது அதில்தான். ஆனால் இந்தப் பாதுகாப்பு வரதட்சணையோடும் ஏழு ஆண்டுகளோடும் நின்றுவிட்டது. நடத்தையில் சந்தேகம் என்று சொல்லியோ, பிரிந்துபோனாள் என்பதாலோ, மணமாகிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து மனைவியைக் கொல்பவனின் வழக்கு பழைய ஆத்திரமூட்டல் அளவுகோலுக்கே திரும்பிச் சென்றது. 2006-இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம், வீட்டில் வசிக்கும் உரிமையையும் பாதுகாப்பு ஆணையையும் உரிமையியல் தீர்வுகளாகத் தந்து கோப் காட்டிய வழியை இந்தியாவில் விரிவாக்கியது; எனினும் கொலை வழக்கின் அளவுகோலை அது தொடவில்லை.

அந்த அளவுகோல் எவ்வளவு பிழையானது என்பதைக் 1970-கள் முதலான ஆய்வுகள் காட்டியுள்ளன. 1976-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய பெண்களுக்கு எதிரான குற்றங்கள் பற்றிய பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் டயானா ரஸ்ஸல், பெண் என்பதாலேயே கொல்லப்படுதலைத் தனிவகைக் குற்றமாக அடையாளம் காட்டினார். அமெரிக்கச் செவிலியரும் ஆய்வாளருமான ஜாக்குலின் கேம்ப்பெல், 1980-களில் வன்முறைக்குள்ளான பெண்களுக்காக ஆபத்தை அளவிடும் வினாநிரலை உருவாக்கி, பின்னர் பதினோரு நகரங்களில் நிகழ்ந்த கொலைகளை ஆராய்ந்து, துப்பாக்கி எளிதில் கிடைத்தல், கொல்லப்போவதாக மிரட்டுதல், கட்டுப்படுத்தும் கணவனை விட்டுப் பெண் பிரிதல் ஆகியவை மரணத்தை முன்னறிவிக்கும் குறிகள் என்று நிறுவினார். முன்பு ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்டுப் பிழைத்த பெண் பின்னர் அதே ஆடவனால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் உயர்கிறது என்பது அவ்வரிசை ஆய்வுகளில் கண்டறியப்பட்டது. பிரிட்டனில் நிகழ்ந்த 372 கொலைகளை ஆராய்ந்த ஜேன் மங்க்டன் ஸ்மித் 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, இக்கொலைகள் எட்டுக் கட்டங்களாக நகர்கின்றன. கட்டுப்படுத்தும் உறவும், பிரிவு போன்ற தூண்டுதலும், பின்தொடர்தலும் மிரட்டலும், மனமாற்றமும் திட்டமிடலும் கடந்த பின்பே கொலை நிகழ்கிறது. ஆத்திரத்தில் கணநேரத்தில் நடந்துவிட்டதாகக் காவல் நிலையத்தில் சொல்லப்படும் செயல்களுக்குப் பின்னால் மாதக்கணக்கான அறிகுறிகள் இருந்திருக்கின்றன என்பதே இவ்வாய்வுகளின் சாரம்.

மாறாமல் நிற்கும் விதி

2024 ஜூலை 1-ஆம் நாள் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தைப் பிடித்த பாரதிய நியாய சன்ஹிதா, 101-ஆம் பிரிவின் முதல் விதிவிலக்காகக் கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலை 1860-இன் வடிவிலேயே வைத்திருக்கிறது. நீடிக்கும் ஆத்திரமூட்டல் என்னும் சென்னைக் கோட்பாடு சட்டநூலில் ஏறவில்லை. அது இன்னும் தீர்ப்புகளின் தயவில் நிற்கிறது. பாலியல் துரோகம் பற்றிய ஐயமோ பேச்சோ குற்றத்தைக் குறைக்கும் காரணமாகாது என்னும் தெளிவான தடையும் இல்லை. 2019–21-ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்திருப்பதாகக் கூறியுள்ளனர். நாட்டின் சராசரியான 29 விழுக்காட்டைவிட இது அதிகம். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தன் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தொடங்கிய மாநிலம் இது. அந்நிலையங்களுக்கு அடிபட்டு வரும் பெண்ணிடம், இரு வீட்டாரையும் அழைத்துச் சமரசம் பேசி, பிள்ளைகளுக்காகப் பொறுத்துப்போகும்படி அறிவுறுத்தி அனுப்பிவைக்கும் பழக்கம், கேம்ப்பெல் பட்டியலிட்ட அபாயக் குறிகளோடு அவளைத் திரும்ப அதே வீட்டுக்குள் அனுப்புவதாகும்.

இவ்வரலாறு சட்டம் இயற்றுவோருக்கும் நடைமுறைப்படுத்துவோருக்கும் நான்கு கடமைகளை முன்வைக்கிறது. மனைவியின் பேச்சும் பிரிவும் அவள்மீதான சந்தேகமும் அவளைக் கொன்றவனுக்குச் சலுகையாகாது என்று விதிவிலக்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நீண்ட கொடுமைக்குள்ளான பெண்ணின் அச்சத்தை அதே விதிவிலக்கு ஏற்க வேண்டும். கழுத்து நெரிப்பு, கொலை மிரட்டல், பின்தொடர்தல் ஆகியவற்றைப் புகாரின் முதல் நாளிலேயே பதிவுசெய்து, ஆபத்தின் அளவைக் கணிக்கும் முறை காவல் நிலையங்களில் கட்டாயமாக வேண்டும். இங்கிலாந்தில் 2011 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்பக் கொலை மறுஆய்வைப் போல, கொல்லப்பட்ட ஒவ்வொரு பெண்ணும் அதற்கு முன் எந்தெந்தக் கதவுகளைத் தட்டினாள், எங்கெல்லாம் திருப்பி அனுப்பப்பட்டாள் என்பதை அரசு ஆராய்ந்து வெளியிட வேண்டும். கணவனின் ஒரு நிமிடச் சினத்தை மூன்று நூற்றாண்டுகளாகப் பொறுமையோடு அளந்துவந்த சட்டத்துக்கு, ஒரு பெண்ணின் பத்தாண்டுத் துன்பத்தை அவள் உயிரோடு இருக்கும்போதே அளந்து அறியும் ஆற்றல் இல்லை என்று சொல்வதற்கு இனி எந்த அடிப்படையும் இல்லை.